உச்சிக்குக் கீழே நின்றோர்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முற்பகல் 11-30 மணிக்கு டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்டு உச்சியை எய்தியதை அன்பர்கள் அறிவர். அதற்கு மூன்று நாள் முன்னர் நிகழ்ந்ததை அறிந்தோர் சிலரே.

மே 26ஆம் நாள் பூர்தில்லனும் எவன்ஸும் 28,700 அடி உயரமுள்ள தெற்குச் சிகரத்தை அடைந்தனர். உச்சிக்கு எஞ்சியது ஏறத்தாழ 300 அடியே. ஆயினும் பகல் ஒரு மணியாயிற்று, பிராணவாயு குறைந்தது, உடல் ஓய்ந்தது. திரும்பினர்; இறங்குகையில் சறுக்கி விழுந்து எழுந்தே வந்தனர். அன்றே தலைவர் ஹண்டும் ஷெர்ப்பா தா நம்கியாலும் 27,350 அடி வரை சுமை ஏற்றி, கூடாரம், உணவு இவற்றோடு தம் பிராணவாயுவையும் பின்வருவோர்க்கென வைத்துவிட்டு வெறுங்காற்றையே சுவாசித்து இறங்கினர்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் சரக்குக் கணக்கெழுதும் நமக்கு அச்சுமையின் கணக்கே பெரிதாகத் தோன்றுகிறது. 28ஆம் நாள் உச்சிக்குச் செல்லும் இருவரோடு லோ, கிரெகரி, ஆங் நீமா ஆகிய மூவரும் அதனைப் பகிர்ந்து சுமந்தனர். ஹில்லரியின் பங்கு மட்டும் 60 ராத்தலுக்கு மேல்! 27,900 அடியில் சுமையை இறக்கியதும் மூவரும் திரும்பினர்.

மறுநாள் காலை, பூர்தில்லனும் எவன்ஸும் விட்டுச்சென்ற இரண்டு பிராணவாயுக் குப்பிகள் பனியிற் கிடக்கக் கண்டார் ஹில்லரி. உச்சியினின்று இறங்குகையில் அவற்றை எடுத்துக்கொண்டே இருவரும் தெற்குக் கணவாய் சேர்ந்தனர்.