'எனக்கு யாருமே சோறு போடல'... பாட்டி சொல்வது பொய்யா, டிமென்ஷியாவா?

சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. பக்கத்து வீட்டுக்குப் போய், "எனக்கு யாருமே சோறு போடல" என்கிறார் பாட்டி. மருமகளுக்கு அவமானம், மகனுக்குக் கோபம். "வேணும்னே பண்றாங்க" என்று வீட்டில் சண்டை வெடிக்கிறது. ஆனால் பாட்டி பொய் சொல்லாமல் இருக்கலாம். சாப்பிட்டது அவர் மூளையில் பதிவே ஆகாமல் போயிருக்கலாம். இதுதான் டிமென்ஷியா.

டிமென்ஷியா என்றால் என்ன?

இது ஒரே நோயின் பெயர் கிடையாது. நினைவு, யோசனை, பேச்சு, நடத்தை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, அன்றாட வேலைகளையே செய்ய முடியாமல் போகும் நிலைக்குத்தான் இந்தப் பெயர். இதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர் நோயால் வருவது. பக்கவாதம், மூளை ரத்தக் குழாய் அடைப்பு ஆகியவற்றாலும் வரலாம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

பழசு ஞாபகம் இருக்கு, காலையில நடந்தது மறந்துடுச்சே... ஏன்?

அல்சைமரில் பொதுவாக முதலில் அடிவாங்குவது ஹிப்போகேம்பஸ். புதிய விஷயங்களைப் பதிவு செய்யும் மூளைப் பகுதி இது. அதனால்தான் கல்யாணத்துக்கு வந்தவர்கள் பெயரையெல்லாம் சொல்பவர், காலையில் மாத்திரை போட்டதை மறந்துவிடுகிறார்.

சாதாரண மறதியா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வயதானால் சகஜம். சாவி எதற்கு என்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது சகஜம் அல்ல. கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்:

* ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது
* பழகிய தெருவிலேயே வழி தவறுவது
* பணக் கணக்கில், சமையலில் குழம்புவது
* "என் நகையைத் திருடிட்டாங்க" என்று வீட்டில் உள்ளவர்களையே சந்தேகிப்பது
* சாயங்காலம் ஆனதும் பதற்றம் அதிகமாவது

"வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

கூடாது. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்சினை, மனச்சோர்வு, தலையில் அடிபட்டு ஏற்பட்ட ரத்தக்கசிவு ஆகியவையும் இதே மாதிரி அறிகுறிகளைக் காட்டும். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய முடியும். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுக்காமல் விட்டால், குணமாகக்கூடியவரும் படுத்துவிடுவார். நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அல்சைமரை முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அறிகுறிகளைக் கொஞ்ச காலத்துக்குக் கட்டுக்குள் வைக்க மாத்திரைகள் உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

* "இப்பத்தானே சாப்பிட்டீங்க!" என்று வாதாடாதீர்கள். "சோறு வெந்துட்டு இருக்கும்மா, அதுவரைக்கும் இந்தப் பழத்தைச் சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றுங்கள்.
* "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.
* சட்டைப் பையிலோ, கயிற்றில் கோத்துக் கழுத்திலோ பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும்.
* சமையல் முடிந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.
* பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். ஒரே ஆள் தலையில் எல்லாப் பொறுப்பையும் கட்டாமல், முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வராமல் தடுக்க முடியுமா?

முழுமையாக முடியாது. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், காது கேளாமை, புகை, மது, தனிமை போன்ற 14 காரணிகளைக் கவனித்தால், உலக அளவில் சுமார் 45 சதவீத பாதிப்புகளைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருப்பதாக 2024-ல் லான்செட் ஆணையம் கூறியது. காது சரியாகக் கேட்காத அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுப்பதும் இதில் சேரும்.

யாரிடம் கேட்பது என்று தெரியவில்லையா? முதியோருக்கான இலவச உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.