குற்றாலத்து ஓடைகளும் கட்டுமானக் கழிவுநீரும்: வல்லுநர் மென்பொருளின் பொருத்தம்

கட்டுமானத் தளங்களை ஒட்டிய ஓடைகளைப் பெரும்பாலும் மூன்று பொருள்கள் கெடுக்கின்றன: தோண்டிப் போட்ட மண், கான்கிரீட் கலவை எந்திரத்தைக் கழுவிய நீர், எந்திரங்களிலிருந்து கசியும் டீசலும் ஆயிலும். தென்காசி வட்டாரத்தில் இவற்றை அடையாளம் காண்பது எளிதன்று. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. சாரல் காலத்திலும் வடகிழக்குப் பருவமழையிலும் இந்நீர் கலங்குவது இயல்பு. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று உயிர்ப்பலி வாங்கிய திடீர் வெள்ளம், மலைநீர் எவ்வளவு விரைவில் மாறும் என்பதைக் காட்டியது.

ஆகவே கலங்கல் அளவு ஒன்றை மட்டும் வரம்பாக வைத்துக் கண்காணிப்பது இங்கே பயன் தராது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-இல் கட்டுமானத் தளங்களுக்கு நாள் சராசரி 280 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு) என வரம்பு வகுத்தபோதே, பெருமழை நாள்களுக்கு விலக்கு அளிக்க வேண்டியிருந்தது. எதிர்ப்புக்கு உள்ளான அவ்வரம்பு 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. மாதம் ஒருமுறை மாதிரி எடுக்கும் வழக்கமான முறையும் போதாது. கலவை எந்திரத்தைக் கழுவிய நீர் அரை மணி நேரத்தில் ஓடைவழியே கடந்துவிடும்.

பல அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்துக் காரணத்தை உய்த்துணரும் வேலைக்கு, வல்லுநர்களின் அறிவை விதிகளாகக் கொண்டு இயங்கும் மென்பொருளான வல்லுநர் அமைப்பு ஏற்றது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற வல்லுநர் அமைப்பு, இரத்தத் தொற்றுகளைச் சில நூறு விதிகளைக் கொண்டு ஆராய்ந்தது. தன் முடிவுக்கான காரணத்தையும் சொன்னது. நாசா 1985-இல் உருவாக்கிய கிளிப்ஸ் போன்ற கருவிகளால் இத்தகைய விதித்தொகுப்பைச் சாதாரணக் கணினியிலேயே இயக்கலாம்.

தளத்துக்கு மேலே ஓர் உணர்வியும் கீழே ஓர் உணர்வியும் இருப்பதாகக் கொள்வோம். மழையால் கலங்கினால் இரண்டிலும் கலங்கல் ஏறும். மழைநீர் கலப்பதால் மின்கடத்துதிறன் பொதுவாகக் குறையும். கீழே மட்டும் கலங்கல் ஏறி, பி.எச். அளவு மாறாதிருந்தால் அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே முதலில் ஐயுற வேண்டும். கலங்கலோடு பி.எச். அளவு 9-ஐத் தாண்டி, மின்கடத்துதிறனும் உயர்ந்தால் அது சிமெண்ட் நீர். கான்கிரீட் கழுவிய நீரின் பி.எச். 12-ஐத் தாண்டும். கடினப் பாறை மலையிலிருந்து இறங்கும் நீரில் கரைந்த உப்புகள் குறைவு என்பதால் அந்தக் காரத்தைத் தாங்கும் திறனும் அதற்குக் குறைவு. மீன்களுக்கு இதுவே பெருங்கேடு. மேல்–கீழ் வேறுபாட்டுக்கு 0.6, பி.எச். உயர்வுக்கு 0.5 என நம்பக அளவு கொடுத்தால், மைசின் முறைப்படி இரண்டும் சேர்ந்து 0.8 ஆகும். தனித்தனியே ஐயமாக நின்றவை சேர்ந்தபின் ஆய்வாளரை நேரில் அனுப்பப் போதுமான சான்றாகின்றன.

உணர்விகளின் கோளாறுகளையும் விதிகளாக்க வேண்டும். களத்தில் மிகுதியாக ஏமாற்றுபவை இவையே. கண்ணாடி முகப்பில் பாசி படர்ந்தால் கலங்கல் நாள்கணக்கில் மெல்ல ஏறும். மண் வந்தால் சட்டென்று ஏறும். மின்கடத்துதிறன் பூச்சியத்தை நெருங்கினால், கோடையில் நீர் வற்றி உணர்வி காற்றில் நிற்கிறது என்று பொருள்.

தரவிலிருந்து தானே கற்கும் மென்பொருளுக்கு, காரணம் குறித்துவைத்த நிகழ்வுகள் ஏராளமாக வேண்டும். சிறு ஓடைகளுக்கு அத்தகைய பதிவைத் திரட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் எந்த ஓடை எந்த மழைக்கு எவ்வளவு நேரத்தில் கலங்கும் என்ற அறிவு நீர்வளத் துறையில் மதகுகளைக் கவனிக்கும் லஸ்கர்களிடமும் குளத்துப் பாசன விவசாயிகளிடமும் இப்போதே இருக்கிறது. அதைக் கேட்டு விதிகளாக எழுதுவதே இப்பணியின் கடினமான பகுதி. வேதியியலாளர்கள் மட்டும் எழுதிய அறிவுத்தளம் இங்கே தடுமாறும்.

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடத் திட்டங்களுக்கு 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பிலிருந்துதான் முன் அனுமதி தேவை. அருவிகளைச் சுற்றி எழும் சிறு விடுதிகள் இவ்வரம்புக்குக் கீழேயே நின்றுவிடும். அவற்றின் கூட்டு விளைவைப் பிடிக்க வேண்டுமானால், உணர்விகளைத் தளந்தோறும் வைப்பதைவிட ஓடைதோறும் வைப்பதே தகும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடவடிக்கை எடுக்கும்போது, உரிய முறையில் எடுத்த நீர் மாதிரிதான் சான்றாகும். அம்மாதிரியை எங்கே, எந்த நேரத்தில், எந்தப் பொருளுக்காக எடுக்க வேண்டும் என்பதைக் காரணத்தோடு சொல்வதே மென்பொருளின் பங்கு. இதற்காக, எந்த விதி எந்த அளவீட்டால் இயங்கியது என்ற பதிவும், விதி திருத்தப்பட்ட நாளும் ஒவ்வோர் எச்சரிக்கையோடும் சேமிக்கப்பட வேண்டும்.