கடலை உருண்டை

கடலை உருண்டை என்பது வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலையை வெல்லப் பாகில் கலந்து, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டிச் செய்யப்படும் இனிப்புத் தின்பண்டம் ஆகும். இதே கலவையைத் தட்டில் பரப்பி வில்லைகளாக வெட்டினால் அது கடலை மிட்டாய் எனப்படும். தமிழ்நாடு முழுவதும் வீடுகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் இது செய்யப்படுகிறது.

கடலையும் வெல்லமும் மட்டுமே முதன்மைப் பொருட்கள் என்பதால் இது எளிய பண்டமாகக் கருதப்படுகிறது. எனினும் இதன் சுவை, மொறுமொறுப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஈரப்பதத்தைப் பொறுத்தே அமைகின்றன. மாமல்லபுரம், செய்யூர் போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஆதலால் இங்கு கடலையைத் தேர்வதிலும், பாகு காய்ச்சுவதிலும், உருண்டையைச் சேமிப்பதிலும் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பெயர்கள்

இதில் பயன்படும் பருப்பு வட்டாரத்திற்கு வட்டாரம் வெவ்வேறு பெயர் பெறுகிறது. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளில் வேர்க்கடலை என்பதும், தென் மாவட்டங்களில் நிலக்கடலை என்பதும் பெருவழக்கு. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் மணிலாக்கொட்டை என்றும், பேச்சு வழக்கில் மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்றும் வழங்கப்படுகிறது. இப்பெயர் பிலிப்பைன்சு நாட்டின் மணிலா நகரத்தின் பெயரிலிருந்து வந்ததாகும். இலங்கைத் தமிழர் இதனைக் கச்சான் என்பர்.

தமிழில் கடலை என்னும் சொல் கொண்டைக்கடலையையும் குறிக்கும். பொட்டுக்கடலையைக் கொண்டு செய்யப்படும் உருண்டை பொட்டுக்கடலை உருண்டை என வேறுபடுத்தி அழைக்கப்படுகிறது.

வரலாறு

வேர்க்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா ஆகும். ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்தை அடைந்த பின்னரே அது ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் பரவியது. எனவே சங்க இலக்கியக் காலத்திலோ, மாமல்லபுரத்துக் குடைவரைகளும் கற்கோயில்களும் உருவான 7, 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திலோ தமிழகத்தில் வேர்க்கடலை இருந்திருக்க இயலாது. எள், பொரி, பயறு போன்றவற்றை இனிப்புடன் சேர்த்து உருட்டும் பழைய முறைக்குள் பின்னாளில் வந்து சேர்ந்த பொருளே கடலை எனக் கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தென்னார்க்காடு மாவட்டத்தில் வேர்க்கடலைச் சாகுபடி பெருகியது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் எண்ணெய் மற்றும் சவர்க்காரத் தொழிலுக்காகக் கடலை ஏற்றுமதி செய்யப்பட்டதே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். ஏற்றுமதிக்கு விளைந்த பயிர் நாளடைவில் உள்ளூர்ச் செக்குகளுக்கும் சமையலறைகளுக்கும் உரியதாயிற்று.

செங்கல்பட்டு வட்டாரத்தில் வேர்க்கடலை

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம், திருப்போரூர் ஆகியன இதன் வட்டங்களுள் சில. மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வட்டத்தில் உள்ளது. ஏரிப் பாசன நிலங்களில் நெல்லே முதன்மைப் பயிர். மணல் கலந்த நிலங்களில் வேர்க்கடலை பயிரிடப்படுகிறது. வேர்க்கடலைப் பூ கருவுற்ற பின் அதன் காம்பு நீண்டு மண்ணுள் இறங்கி அங்கே காய்க்கிறது. இளகிய மண்ணில் காம்பு எளிதில் இறங்கும். அறுவடையின்போது செடியைப் பிடுங்கினால் காய்களும் உதிராமல் வரும்.

மாவட்டத்தின் தெற்கே உள்ள திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. இங்கிருந்து வெளியிடப்பட்ட டிஎம்வி 2 (1940), டிஎம்வி 7 (1967) போன்ற கொத்துக்கடலை வகைகள் தமிழக உழவர்களிடையே பரவலாக அறியப்பட்டவை.

மானாவாரிக் கடலை ஆனி, ஆடி மாதங்களில் விதைக்கப்படுகிறது. இது ஏறத்தாழ மூன்றரை மாதப் பயிர் ஆதலால், அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தை ஒட்டி வரக்கூடும். கொத்துக்கடலை விதைகளுக்கு உறக்கக் காலம் குறைவு. முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். பிடுங்கிய காயைக் காயவைக்க வெயில் கிடைக்காவிட்டால் பூசணம் பிடிக்கும். மார்கழி, தை மாதங்களில் பாசன வசதியுடன் விதைக்கப்படும் கடலை கோடையில் அறுவடைக்கு வருவதால் நன்கு காய்கிறது.

தேவையான பொருட்கள்

- வேர்க்கடலைப் பருப்பு: 250 கிராம்
- பொடித்த வெல்லம்: 150 கிராம்
- நீர்: கால் குவளை
- ஏலக்காய்த் தூள்: கால் தேக்கரண்டி
- சுக்குத் தூள்: ஒரு சிட்டிகை
- கையில் தொட்டுக்கொள்ள அரிசி மாவு அல்லது நெய்: சிறிதளவு

வெல்லத்திற்குப் பதிலாகப் பனைவெல்லமும் சேர்க்கப்படுவதுண்டு.

செய்முறை

1. கடலையைப் பரப்பி, சுருங்கியவை, நிறம் மாறியவை, முளைவிட்டவை, பூசணம் பிடித்தவை ஆகியவற்றை நீக்க வேண்டும்.
2. அடி கனத்த வாணலியில் மிதமான தீயில், தோல் வெடித்து மணம் வரும் வரை வறுக்க வேண்டும். தீ அதிகமானால் மேற்புறம் கருகி உட்புறம் பச்சையாக நிற்கும். தூய்மையான மணலைச் சூடாக்கி அதில் வறுப்பது பழைய முறை. மணல் கடலையைச் சுற்றிலும் ஒரே சீராகச் சூடேற்றும். வறுத்த பின் சல்லடையில் மணலை முற்றிலும் நீக்க வேண்டும்.
3. ஆறிய பின் தேய்த்துத் தோலை நீக்கி, முறத்தில் புடைத்து, பருப்பை இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். உடைத்த பருப்பில் பாகு நன்கு பிடிக்கும்.
4. வெல்லத்தை நீரில் கரைத்து, கொதித்ததும் வடிகட்டி மண்ணையும் தூசியையும் நீக்கி, மீண்டும் அடுப்பில் ஏற்றிக் காய்ச்ச வேண்டும்.
5. பாகு கெட்டிப் பதத்தை அடைந்ததும் ஏலக்காய்த் தூள், சுக்குத் தூள் சேர்த்து அடுப்பிலிருந்து இறக்கி, கடலையைக் கொட்டி விரைவாகக் கிளற வேண்டும்.
6. கை பொறுக்கும் சூட்டில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். கலவை இறுகிவிட்டால் மிகக் குறைந்த தீயில் சற்றே சூடாக்கித் தொடரலாம்.

கொதிக்கும் பாகு நீரைவிடச் சூடு மிகுந்தது. தோலில் ஒட்டிக்கொள்வதால் காயம் ஆழமாகும். பாகு பட்ட இடத்தை உடனே 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். சிறுவர்களை அடுப்பருகே விடாமல், உருட்டும் வேலையிலும் சூடு தணிந்த பின்னரே சேர்ப்பது நல்லது.

பாகுப் பதம்

பாகு காயக் காய அதிலுள்ள நீர் ஆவியாகி வெப்பநிலை உயர்கிறது. எஞ்சியுள்ள நீரின் அளவே பதத்தை முடிவு செய்கிறது. கெட்டிப் பதத்தை அறிய ஒரு துளிப் பாகைக் குளிர்ந்த நீரில் விட வேண்டும். அது கரைந்து பரவினால் பதம் வரவில்லை. மெத்தென்று உருண்டால் அது இளம் பதம். கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ‘ணங்’ என்று ஒலி எழுப்பினால் அதுவே கடலை உருண்டைக்கு ஏற்ற பதம் ஆகும். இதனைத் தாண்டினால் பாகு கருகிக் கசக்கும்.

வெள்ளைச் சர்க்கரைப் பாகில் இளம் உருண்டைப் பதம் ஏறத்தாழ 112–116 பாகை செல்சியசிலும், கெட்டி உருண்டைப் பதம் 121–130 பாகையிலும், முறியும் பதம் 146–154 பாகையிலும் கிட்டும். வெல்லத்தில் சுக்குரோசுடன் குளுக்கோசு, புருக்டோசு, தாது உப்புகள் ஆகியவையும் உள்ளன. வெல்லத்திற்கு வெல்லம் இவற்றின் அளவு மாறுவதால், வெப்பமானியைவிட நீர்ச் சோதனையே நம்பகமானது.

பழைய, கசிந்த வெல்லத்தில் சுக்குரோசின் ஒரு பகுதி குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் சிதைந்திருக்கும். இவ்வெல்லத்தை எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. வெல்லத்தைப் பளிச்சென்ற மஞ்சள் நிறமாக்கச் சோடியம் ஐதரோசல்பைட்டு என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுவதுண்டு. ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு வெல்லத்தின் தரத்தை மதிப்பிட இயலாது.

ஈரப்பதமும் சேமிப்பும்

நன்கு காய்ந்த பாகு ஆறும்போது படிகமாகாமல் கண்ணாடி போன்ற திண்மமாக இறுகுகிறது. கடித்தவுடன் முறியும் தன்மை இதனால் வருகிறது. காற்றிலிருந்து சிறிதளவு நீரை ஈர்த்தாலும் இந்நிலை குலைந்து உருண்டை பிசுபிசுக்கும். புருக்டோசு நீரை எளிதில் ஈர்க்கக்கூடியது ஆதலால், வெல்லத்தால் செய்த உருண்டை சர்க்கரையால் செய்ததைவிட விரைவில் இளகும்.

கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இச்சிக்கல் மிகுதி. எனவே உருண்டைகள் முற்றிலும் ஆறிய பின்னரே காற்றுப் புகாத கலனில் இட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி படிந்து நீர்த்துளியாகும். கடலையின் எண்ணெய் காற்றுடன் வினைபுரிவதால் நாட்பட்ட உருண்டையில் சிக்கு வாடை வரும். அவ்வாறு வந்தவற்றை உண்ணலாகாது.

பூஞ்சை நச்சு

ஈரம் தங்கிய கடலையில் அசுபெர்சில்லசு பிளேவசு போன்ற பூஞ்சைகள் வளர்ந்து அப்லாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகின்றன. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. அவற்றுக்குத் தீவனமாக இடப்பட்ட கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே இந்நச்சு கண்டறியப்பட்டது. இது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

வறுப்பதால் இந்நச்சு ஓரளவு குறையுமே தவிர முற்றிலும் அழியாது. கெட்ட கடலையின் கசப்பை வெல்லத்தின் இனிப்பு மறைத்துவிடக்கூடும் என்பதால், செய்முறையின் முதற்படியான பொறுக்கி எடுத்தலே மிக முக்கியமானது. காய்களைப் பிடுங்கியவுடன் உலர்த்துவதும், தரையில் படாமல் மரச்சட்டங்களின் மேல் மூட்டைகளை அடுக்குவதும் உழவர்கள் செய்யக்கூடிய தடுப்பு முறைகள். விற்பனைக்காக வீட்டில் செய்வோரும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஊட்டமும் எச்சரிக்கையும்

100 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 40 முதல் 50 கிராம் வரை கொழுப்பும் உள்ளன. வெல்லமும் சேர்வதால் கடலை உருண்டை குறைந்த விலையில் மிகுந்த ஆற்றல் தரும் பண்டமாக உள்ளது. வெல்லம் சர்க்கரையைப் போலவே இரத்தத்தில் குளுக்கோசு அளவை உயர்த்தும் என்பதை நீரிழிவு உள்ளோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

வேர்க்கடலை சிலருக்குக் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்தும். உதடு வீங்குதல், மூச்சுத் திணறல் போன்ற அறிகுறிகள் தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும் இடர் உண்டு.

பிற வகைகள்

தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியில் செய்யப்படும் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கரிசல் நிலத்தில் விளையும் கடலை இதில் பயன்படுகிறது. மகாராட்டிராவின் லோனாவாலா நகரம் சிக்கி எனப்படும் ஒத்த பண்டத்திற்குப் பெயர் பெற்றது. இலங்கையில் கச்சான் அல்வா கோயில் திருவிழாக் கடைகளில் விற்கப்படுகிறது.

வறுத்த கடலையை எண்ணெய் கசியும்வரை அரைத்தால் கடலை வெண்ணெய் கிடைக்கும். கனடாவைச் சேர்ந்த மார்செல்லசு கில்மோர் எட்சன் 1884இல் இத்தகைய கடலைப் பசைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் இதனைக் கொண்டு ஃபட்ஜ் என்னும் இனிப்பு செய்யப்படுகிறது. பாலும் சர்க்கரையும் இளம் உருண்டைப் பதம் வரை காய்ச்சப்பட்டு, ஆறிய பின் நன்கு அடிக்கப்படுகின்றன. அப்போது தோன்றும் மிகச் சிறிய சர்க்கரைப் படிகங்கள் அதற்கு வாயில் கரையும் மென்மையைத் தருகின்றன. கடலை உருண்டையிலோ படிகம் தோன்றாதிருத்தலே வேண்டும். மசித்த உருளைக்கிழங்கில் பொடித்த சர்க்கரையைப் பிசைந்து தேய்த்து, அதன்மேல் கடலை வெண்ணெயைத் தடவிப் பாய்போல் சுருட்டி வெட்டும் மிட்டாய்ச் சுருளும் அங்கு வீடுகளில் செய்யப்படுகிறது. இதற்குப் பாகு தேவையில்லை.

இவற்றையும் பார்க்கவும்

- வேர்க்கடலை
- வெல்லம்
- எள்ளுருண்டை
- பொரி உருண்டை
- கோவில்பட்டி கடலை மிட்டாய்
- செங்கல்பட்டு மாவட்டம்