சேவல் கொண்டையும் நாமக்கல் விளக்கும்

விடிகாலை நாலு மணிக்கு நாமக்கல்லிலிருந்து மோகனூர் பக்கமோ, சேந்தமங்கலம், எருமப்பட்டி பக்கமோ போய்ப் பாருங்கள். ஊர் முழுக்க இருட்டில் கிடக்கும். காட்டுக்குள் நீளநீளமாக நிற்கும் கோழிக் கொட்டகைகளில் மட்டும் விளக்கு எரியும். திருட்டுப் பயம், பாம்புப் பயம் என்று வெளியூர்க்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையில் அந்த விளக்கு கோழியின் மூளைக்காக எரிகிறது.

1997 ஜனவரி 1ஆம் தேதி தனி மாவட்டம் ஆகும்வரை நாமக்கல் சேலத்தோடுதான் இருந்தது. இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை இங்கிருந்து கேரளத்துக்கும் வளைகுடாவுக்கும் நம் பள்ளிச் சத்துணவுக் கூடங்களுக்கும் போகிறது. இந்தத் தொழிலின் கணக்கு வழக்கைப் பலரும் எழுதிவிட்டார்கள். உடம்பை ஆள்வது நரம்பா, சுரப்பியா என்ற பழைய வழக்கில் கோழி எத்தனை முறை சாட்சிக் கூண்டில் ஏறியது என்பதை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. இந்த வாரம் அந்தக் கதை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாதி வரை மருத்துவர்களுக்கு விடை தெளிவாக இருந்தது: எல்லாம் நரம்பு. ஓர் உறுப்பு இன்னொரு உறுப்பைப் பாதித்தால் நடுவில் நரம்பு ஓடுகிறது என்று பொருள். விதை நீக்கிய சேவலுக்குக் கொண்டை சுருங்குகிறது, கூவல் நிற்கிறது, சண்டைக்குப் போவதில்லை. கோழி வளர்க்கும் எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். அதற்கும் நரம்புதான் காரணம் என்றார்கள்.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் அர்னால்டு பெர்டோல்டு இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். 1848 ஆகஸ்டு 2 அன்று ஆறு இளஞ்சேவல்களை எடுத்துக்கொண்டார். இரண்டுக்கு விதைகளை முழுதாக நீக்கினார். இரண்டுக்கு ஒரு விதையை நீக்கிவிட்டு, மற்றதை இருந்த இடத்திலிருந்து அறுத்து அதே வயிற்றுக்குள் விட்டார். மிச்சமிருந்த இரண்டுக்கும் தம் விதைக்குப் பதில் அடுத்ததன் விதை, குடலுக்கு நடுவில். முதல் இரண்டும் சாதுவாகிப் போயின. மற்ற நான்கும் முழுச் சேவல்களாக வளர்ந்தன. கொண்டை சிவந்தது, கூவின, பெட்டைகளைத் துரத்தின, ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. பிறகு அறுத்துப் பார்த்தால் விதை குடலோடு ஒட்டி, புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தன. பழைய நரம்பு எதுவும் வந்து சேரவில்லை. அப்படியானால் விதையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது. வேறு வழியில்லை.

ஊரில் தண்டோரா போடுபவர் எல்லாத் தெருவிலும்தான் அடித்துக்கொண்டு போவார். சம்பந்தப்பட்டவர் மட்டும்தான் எழுந்து வெளியே வருவார். ரத்தத்தில் போகும் சேதியும் அப்படித்தான். அதைக் கேட்கும் காது கொண்டைக்கும் தொண்டைக்கும் மூளைக்கும் இருக்கிறது. மற்ற உறுப்புகளைத் தொட்டுக்கொண்டு போனாலும் அவை அசையா.

பெர்டோல்டு 1849இல் நாலே பக்கத்தில் இதை எழுதி வெளியிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. அவரும் அதற்குமேல் தொடரவில்லை, 1861இல் இறந்துபோனார். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கோழி வைத்து நிரூபித்ததை மனிதனுக்குப் பொருத்திப் பார்க்க அன்றைய பேராசிரியர்களுக்குக் கௌரவம் இடம் கொடுத்திருக்காது. 1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் நாயின் குடலுக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்ட பிறகும் கணையம் சுரப்பதைக் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்று வருடம் கழித்து ஸ்டார்லிங் அந்தச் சேதிக்கு ஹார்மோன் என்று பெயர் வைத்தார்.

நரம்புப் பக்கத்துக் கதையிலும் கோழிதான். அன்றைய டச்சு ஜாவாவில் பெரிபெரி நோயால் சிப்பாய்களுக்குக் கால் விளங்காமல் போய்க்கொண்டிருந்தது. கிருமி தேடிப் போன கிறிஸ்டியான் ஐக்மான், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகளும் கால் தடுமாறி விழுவதைக் கண்டார். கொஞ்ச நாளில் அவை தாமாகவே தேறின. விசாரித்தால் விஷயம் சமையல்கட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்கு வந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சிவிலியன் கோழிக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். தவிடு போன அரிசியில் இல்லாத தயமின்தான் நரம்பைக் காக்கும் சத்து என்பது பின்னால் தெரிந்தது. ஐக்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமையல்காரருக்கும் ஒரு பங்கு சேர வேண்டியது என்பது என் கட்சி.

இதே விஷயத்தை நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் இன்னும் ஒரு படி கொண்டுபோனார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் கொடுத்து வளர்த்து, இறந்தபின் ஒவ்வோர் உறுப்பாக எடைபோட்டார். நரம்பு கெட்டது எதிர்பார்த்ததுதான். விதைகளும் தைமஸும் சுருங்கியிருந்தன, அட்ரினல் சுரப்பி மட்டும் பருத்திருந்தது. சோற்றில் ஒரு சத்து குறைந்தால் நரம்பும் சுரப்பியும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன என்பதை நீலகிரியில் இருந்துகொண்டு அவர் எழுதியது 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில்.

இரண்டும் எந்த இடத்தில் கைகோர்க்கின்றன? மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி. அதற்குக் கீழே காம்பில் தொங்குவது பிட்யூட்டரி. 1952இல் ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா யாக்கப்சோனும் எலியின் பிட்யூட்டரியை எடுத்து வேறிடத்தில் வைத்தார்கள், வேலை செய்யவில்லை. ஹைப்போதலாமஸுக்குக் கீழேயே வைத்தார்கள். கருத்தரிக்கும் அளவுக்கு வேலை செய்தது. ஹைப்போதலாமஸில் உள்ள நரம்புச் செல்களே ஹார்மோனைச் சுரந்து, குட்டியான ரத்தக் குழாய்கள் வழியே கீழே அனுப்புகின்றன. அந்த ஹார்மோன்களைப் பிரித்தெடுக்க ரோஜர் கில்லமின் ஆட்டு மூளைகளையும் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள். ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத போட்டி. 1977இல் இருவரும் ஒரே மேடையில் நோபல் வாங்கினார்கள்.

இனி நாமக்கல் விளக்குக்கு வரலாம். 1930களில் பிரான்சில் ஜாக் பென்வா வாத்துகளின் கண்ணை நீக்கிய பிறகும் அவை வெளிச்சத்துக்கு ஏற்ப விதை பெருப்பதைக் கண்டார். பறவைக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மெல்லிய மண்டையோட்டை ஊடுருவி நேரே ஹைப்போதலாமஸ் பக்கத்தில் உள்ள செல்களைத் தொடுகிறது. பகல் நீண்டால் இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்று அவை புரிந்துகொண்டு பிட்யூட்டரியை எழுப்பிவிடுகின்றன. பிட்யூட்டரி சூலகத்தை எழுப்புகிறது. நாமக்கல் இருக்கும் அட்சரேகையில் நீண்ட பகல்கூடப் பதின்மூன்று மணியைத் தொடாது. முட்டைக் கோழிக்குப் பதினாறு மணி வெளிச்சம் வேண்டும். மிச்சத்தை மின்விளக்குதான் தர வேண்டும். விடிகாலை நாலு மணிக்குக் கொட்டகையில் வெளிச்சம் எரிவது அதனால்தான்.

பண்ணைக்காரர்கள் ஒரு விஷயத்தில் மிகக் கறாராக இருப்பார்கள். வளரும் பருவத்துப் பெட்டைக்கு வெளிச்சத்தைக் கூட்ட மாட்டார்கள். உடம்பு தேறுமுன் மூளை எழுந்துவிட்டால் சின்னச் சின்ன முட்டையாக இடும், அடி தள்ளிச் சாகும். பதினேழு, பதினெட்டு வாரம் ஆனபின் வாரம் அரைமணி வீதம் ஏற்றுவார்கள்.

அதன்பின் கோழிக்குள் ஓடும் கடிகாரம் பார்க்கத்தக்கது. மஞ்சள் கரு சூலகத்திலிருந்து விடுபட்டு, வெள்ளைக்கரு சேர மூன்று மணி நேரம், சவ்வு போர்த்த ஒரு மணிக்குச் சற்று மேல், ஓடு கட்ட மட்டும் பதினெட்டு, இருபது மணி நேரம். மொத்தத்தில் ஏறத்தாழ ஒரு நாளைவிடக் கொஞ்சம் கூட. ஒரு முட்டை விழுந்து ஒரு மணிக்குள் அடுத்த கரு கிளம்பும். நாளுக்கு நாள் முட்டையிடும் நேரம் தள்ளிக்கொண்டே போய், சாயங்காலத்தைத் தொட்டால் ஒரு நாள் ஓய்வு. மறுநாள் காலையில் மீண்டும் முதலிலிருந்து. 300க்கு மேல் முட்டை ஒரு வருடத்தில் வருவது இந்தக் கணக்கில்.

ஓடு ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் வேண்டும். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில், கோழி தீனி எடுக்காத நேரத்தில். ரத்தத்தில் கால்சியம் இறங்கியதும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு எலும்பைக் கரைத்துக் கொடுக்கச் சொல்கிறது. அதற்காகத்தான் சாயங்காலத் தீனியில் கிளிஞ்சலைக் கூட்டிப் போடுகிறார்கள். போடாவிட்டால் எலும்பு தேய்ந்து, கூண்டுக்குள்ளேயே கோழி காலை விரித்துப் படுத்துவிடும். மனிதர்க்கும் இதே சுரப்பி, இதே வேலை. நமக்கு ரத்தத்தில் கால்சியம் மட்டுமீறிக் குறைந்தால் நரம்புகள் கட்டுப்பாடின்றித் துடித்து விரல்கள் இழுத்துக்கொள்ளும். சுரப்பி தவறினால் நரம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

அடைக்கோழி விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நாட்டுக்கோழி வளர்த்த அம்மாக்கள் கோபிப்பார்கள். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். பக்கத்தில் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். தெளிய வைக்கத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள், மூக்கில் இறகைச் செருகிவிடுவார்கள். அடைக்குக் காரணம் பிட்யூட்டரியின் புரோலாக்டின் என்று 1935இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழு ஊசி போட்டே காட்டியது. முட்டையின் சூடு அடிவயிற்றுத் தோல் நரம்பில் பட்டுக்கொண்டே இருக்கும்வரை அந்தச் சுரப்பு நீடிக்கும். தண்ணீரில் முக்கினால் சூடு போகிறது, சுரப்பு இறங்குகிறது. கிழவிகளின் வைத்தியத்துக்கு இதுதான் காரணம். தாய்க்குப் பால் சுரக்க வைப்பதும் இதே புரோலாக்டின்தான். அங்கே குழந்தை வாய் வைப்பதை மார்பு நரம்பு மூளைக்குச் சொல்கிறது. கொட்டகையில் உள்ள வெள்ளை லெகார்ன் வழிக் கோழிகளில் அடை உட்காரும் குணத்தையே தலைமுறை தலைமுறையாகக் கழித்து இனம் பெருக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்ல ஒரு காரணம் உண்டு. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்று பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுகிறார்கள் என்ற பேச்சு நம்மூரில் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஓடுகிறது. வதந்திக்கு வேர் இல்லாமல் இல்லை. 1938இல் சார்லஸ் டாட்ஸ் செய்த டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனை 1940களில் அமெரிக்காவில் சேவல் கழுத்துத் தோலுக்கடியில் குளிகையாகப் புதைத்தார்கள். 1959இல் அங்கே கோழிக்கு அது நிறுத்தப்பட்டது. கறிக்கோழி இன்று ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ ஏறுவது இனத்தேர்வாலும் தீனியாலும். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் செரித்துப் போகும். ஆயிரக்கணக்கான கோழிக்கு நாள்தோறும் ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுபடியாகாது. முட்டைக்கோழியின் ஹார்மோனை எழுப்ப விளக்கே போதும்.

பெண்பிள்ளைகள் பூப்படையும் வயது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது கறிக்கோழிப் பண்ணை என்று ஒன்று கிடையாது. உடம்பில் கொழுப்பு போதுமான அளவு சேர்ந்துவிட்டதை லெப்டின் என்ற ஹார்மோன் ஹைப்போதலாமஸுக்குச் சொல்கிறது என்பதும் 1994க்குப் பிறகு தெரிந்துவிட்டது. வயிறாரச் சாப்பிட்டு ஓடியாடாமல் வளரும் பிள்ளைக்குச் சீக்கிரம் பருவம் வருவதில் கோழிக்கு உள்ள பங்கு, பிஸ்கட்டுக்கும் பரோட்டாவுக்கும் உள்ளதைவிடப் பெரிதில்லை. பிள்ளை எட்டு வயதுக்கு முன் பருவமடையும் அறிகுறி காட்டினால் கோழிக்கடையைத் திட்டிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கோழி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது: எந்த ஆண்டிபயாடிக் கொடுத்தீர்கள், எத்தனை நாள் முன்பு நிறுத்தினீர்கள்? நோயாளிக்கு வேறு மருந்து கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டினை, உணவுக்கு வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டிருக்கிறது.