பிரசவக் காயங்கள்: ஏழைத் தாய்மாருக்கு ஆபத்து அதிகம் ஏன்? சித்தூர், திருப்பதி காட்டும் நிலவரம்

திருப்பதி: ஆந்திரப் பிரதேசத்தில் பிரசவத்தின்போது உயிரிழக்கும் தாய்மாரின் எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துள்ளது. ஆனால், உயிர் பிழைத்தும் உடற்காயத்துடன் வீடு திரும்பும் பெண்கள் எத்தனை பேர் என்பதை மாவட்ட சுகாதார ஆய்வறிக்கைகள் கணக்கிடுவதில்லை. அந்தக் காயம் யாருக்கு எளிதில் ஏற்படுகிறது, யாருக்கு ஆறாமல் நிலைத்துவிடுகிறது என்பதில் வருமானமும் கல்வியும் சாதியும் வசிப்பிடமும் பெரும் பங்கு வகிக்கின்றன.

மாதிரிப் பதிவு முறையின் தரவுகளின்படி, 2001-03 காலகட்டத்தில் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 195 தாய்மார் உயிரிழந்தனர். 2018-20ல் இன்றைய ஆந்திரத்தில் இவ்விகிதம் 45 ஆகும். அதே காலகட்டத்தில் தேசிய சராசரி 97, தமிழ்நாட்டில் 54. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 96.5 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன.

உயிரிழக்கும் ஒவ்வொரு தாய்க்கும் 20 முதல் 30 பெண்கள் காயம், தொற்று அல்லது நீடித்த உடல் பாதிப்புக்கு ஆளாகின்றனர் என்பது ஐ.நா. அமைப்புகள் நீண்டகாலமாகக் குறிப்பிட்டுவரும் மதிப்பீடு ஆகும்.

காயம் என்பது எது?

முதல் பிரசவத்தில் பிறப்புறுப்புப் பகுதியில் கிழிசல் ஏற்படுவது பொதுவானது. மருத்துவர்கள் இதனை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையில் தோல் மட்டும் கிழியும். இரண்டாம் நிலையில் தசையும் சேரும். மூன்றாம் நிலை ஆசனவாயின் சுருக்குத்தசையையும், நான்காம் நிலை மலக்குடலின் உட்சுவரையும் எட்டும். கடைசி இரண்டு நிலைகளையும் பிரசவ அறையிலேயே கண்டறிந்து முறையாகத் தைத்தால், பெரும்பாலான பெண்கள் குணமடைகின்றனர். கவனிக்காமல் விட்டால், மலத்தையும் வாயுவையும் அடக்க இயலாத நிலை உருவாகலாம்.

கருப்பை இறக்கம், சிறுநீர்க் கசிவு, கருப்பைக் கிழிவு, கடும் ரத்தப்போக்கு ஆகியவையும் பிரசவப் பாதிப்புகளே. இவற்றுள் மிகக் கொடியது ஃபிஸ்டுலா. பிரசவம் தடைபட்டு நீளும்போது குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்புடன் நெடுநேரம் அழுத்துகிறது. ரத்த ஓட்டம் நின்ற திசு இறந்து, அவ்விடத்தில் துளை விழுகிறது. அதன்பின் சிறுநீர் இடைவிடாமல் கசிகிறது. உரிய நேரத்தில் செய்யப்படும் சிசேரியன் இதனைத் தடுத்துவிடும் என்பதால், செல்வந்த நாடுகளில் இத்தகைய ஃபிஸ்டுலா ஏறக்குறைய மறைந்துவிட்டது.

உடலில் பதியும் வறுமை

வர்க்க வேறுபாடு பிரசவ அறையில் தொடங்குவதில்லை. சிறுவயதில் போதிய உணவின்றி வளர்ந்த பெண்ணின் உயரமும் இடுப்பெலும்பின் அளவும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் பிரசவம் தடைபடும் ஆபத்து கூடுகிறது. உடல் வளர்ச்சி முடிவதற்கு முன்பே கருவுற்றால் அந்த ஆபத்து மேலும் அதிகரிக்கிறது. ஆந்திரத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 29.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணமுடித்தவர்கள் என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. தமிழ்நாட்டில் இது 12.8 சதவீதம்.

ரத்தசோகையும் அவ்வாறே. ஆந்திரக் கர்ப்பிணிகளில் 53.7 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. ஆரோக்கியமான பெண்ணின் உடல் தாங்கிக்கொள்ளும் ரத்த இழப்பு, ரத்தசோகை உள்ளவரின் உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தையல் புண் ஆறவும் தாமதமாகிறது. தொற்றும் எளிதில் பற்றுகிறது.

மூன்று தாமதங்கள்

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய ஆய்வாளர்கள் 1994ல் முன்வைத்த விளக்கம் இன்றும் மகப்பேறு நலத் திட்டங்களின் அடிப்படையாக உள்ளது. மருத்துவமனைக்குச் செல்ல முடிவெடுப்பதில் தாமதம், சென்று சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம் என அவர்கள் பிரசவ ஆபத்தை மூன்றாகப் பகுத்தனர்.

இரண்டாவது தாமதத்தைக் குறைப்பதில் ஆந்திரம் முன்னோடியாக இருந்தது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15ல் ஒருங்கிணைந்த ஆந்திரத்தில்தான் தொடங்கியது. பிரசவித்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுசேர்க்க 'தல்லி பிட்டா எக்ஸ்பிரஸ்' வாகனங்களும் இயங்குகின்றன.

எனினும், சிறப்பு மருத்துவம் நகரங்களிலேயே குவிந்துள்ளது. சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 2022 ஏப்ரல் 4ல் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. எஸ்.வி. மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு மகப்பேறு மருத்துவமனை, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவு பெற்ற ஸ்விம்ஸ், மகளிருக்கான ஸ்ரீ பத்மாவதி மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் திருப்பதி நகரில் அமைந்துள்ளன. சித்தூர் நகரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வசதி உள்ள குடும்பங்கள் தமிழக எல்லையைக் கடந்து வேலூருக்கும் செல்கின்றன. மலையோரக் கிராமத்துக் கூலித் தொழிலாளிக்கும், ஏரிக்கரைக் குடியிருப்புகளில் வாழும் யானாதி பழங்குடிப் பெண்ணுக்கும் அத்தகைய தெரிவு இல்லை. அவர்களுக்கு ஒருநாள் பயணம் என்பது ஒருநாள் கூலியை இழப்பதாகும்.

தனியார் மருத்துவமனையில் வேறு ஆபத்து

பணம் இருந்தால் காயமே இராது என்று கருதுவதும் தவறு. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆந்திரத்தில் 42.4 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடைபெற்றன. அரசு மருத்துவமனைகளில் 26.6 சதவீதமாக இருந்த இவ்விகிதம், தனியார் மருத்துவமனைகளில் 63 சதவீதமாக இருந்தது. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 சதவீதத்தைக் கடந்தபின் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என உலக சுகாதார நிறுவனம் 2015ல் அறிவித்தது.

தேவையற்ற சிசேரியன் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தையும், பழைய தழும்பு கிழியும் ஆபத்தையும் கூட்டுகிறது. ஆக, சிலருக்குத் தேவையான அறுவை சிகிச்சை தாமதமாகக் கிடைக்கிறது. வேறு சிலருக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை விரைவாகக் கிடைக்கிறது. கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குச் செல்லும் ஏழைக் குடும்பம் இவ்விரண்டு ஆபத்துகளுக்கும் இடையில் சிக்குகிறது.

வீடு திரும்பிய பின்

பெரிய வேறுபாடு தெரிவது பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களில்தான். 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களின் பெண் ஊழியர்களுக்கு 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு வழங்க வழிவகுத்தது. மாந்தோப்பிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு நடைமுறையில் அந்தப் பாதுகாப்பு எட்டுவதில்லை. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்குக் கிடைக்கும் 5,000 ரூபாய், பல மாதக் கூலிக்கு ஈடாகாது. இடுப்புத் தளத் தசைகள் வலுப்பெறுவதற்கு முன்பே தண்ணீர்க் குடமும் விறகும் செங்கல்லும் சுமக்கும் பெண்ணுக்குக் கருப்பை இறக்கத்தின் ஆபத்து கூடுகிறது.

இத்தகைய பாதிப்புகளைப் பெண்கள் வெளியே சொல்வதும் அரிது. மருத்துவத் தம்பதியரான ராணி பங், அபய் பங் ஆகியோர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களைப் பரிசோதித்து, 1989ல் 'லான்செட்' இதழில் ஆய்வு வெளியிட்டனர். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதேனும் ஒரு மகளிர் நோய் இருந்தது. அதற்கு முன் மகப்பேறு மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 8 சதவீதத்தினர் மட்டுமே.

நீண்ட மௌனத்துக்குப் பின் கிடைக்கும் சிகிச்சை சில நேரங்களில் கருப்பையையே அகற்றுவதாக அமைகிறது. 2015-16ல் நடத்தப்பட்ட நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட ஆந்திரப் பெண்களில் 8.9 சதவீதத்தினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. தேசிய சராசரி 3.2 சதவீதம். மிகுதியான மாதவிடாய் ரத்தப்போக்கு இதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டாலும், கருப்பை இறக்கமும் காரணங்களுள் ஒன்றாகும்.

என்ன செய்யலாம்?

உயிருக்கு ஆபத்தான கட்டத்தைக் கடந்து பிழைத்த தாய்மாரைப் பற்றிய மறுஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2014ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால், உயிரைப் பறிக்காத கிழிசலும் சிறுநீர்க் கசிவும் அதன் வரம்புக்குள் வருவதில்லை.

பிரசவத்துக்குப் பின் ஒவ்வொரு சந்திப்பிலும் சிறுநீர்க் கசிவு, மலம் கழிப்பதில் சிரமம், புண் ஆறும் நிலை ஆகியவற்றைத் தாயிடம் கேட்டறிய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆஷா பணியாளர்கள் மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீட்டுக்கே சென்று பார்க்க வேண்டும் என்பது விதி. அவ்வருகைகளின் மையம் குழந்தையாக உள்ளது. தாயிடமும் இந்தச் சில கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்தால், புதிய திட்டம் எதுவுமின்றியே பாதிப்பின் அளவு தெரியவரும்.

தாய்மார் அறிய வேண்டியவை

2011ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சாதாரணப் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து ஆகிய அனைத்தும் இலவசம். சாதாரணப் பிரசவத்துக்கு மூன்று நாட்களும், சிசேரியனுக்கு ஏழு நாட்களும் இலவச உணவு வழங்கப்படும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கு மருத்துவர் பரிசோதனை இலவசமாக நடைபெறுகிறது.

வீடு திரும்பிய பின் கடும் ரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றத்துடன் கூடிய கசிவு, தையல் இடத்தில் சீழ் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை, அடிவயிற்றில் ஏதோ கீழிறங்குவது போன்ற உணர்வு ஆகியவை பிரசவித்த பெண் வாழ்நாள் முழுதும் சகித்துக்கொள்ள வேண்டியவை அல்ல. பயிற்சியாலோ அறுவை சிகிச்சையாலோ இவற்றுள் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய இயலும்.