கிரெமோனாவின் பிடிலும் கரிசல் நாட்டின் இசையும்

பிடில் கருநாடக இசைக்கு வந்த வரலாற்றைத் தஞ்சாவூரிலும் சென்னையிலும் தேடுவதே வழக்கமாயினும், அதற்குரிய முக்கியமான எழுத்துச் சான்றொன்று, அருப்புக்கோட்டை, திருச்சுழி, குமாரலிங்கபுரம் என வானம் பார்த்த பூமியாகக் கிடக்கும் வறண்ட நாட்டுக்குத் தெற்கே, எட்டயபுரத்தில்தான் அச்சேறியது. 1904இல் வெளிவந்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் அந்நூலில், சுப்பராம தீட்சிதர் தம் பாட்டனாரும் தம்மைத் தத்தெடுத்தவருமான பாலுஸ்வாமி தீட்சிதரின் வரலாற்றைப் பதிந்து வைத்துள்ளார். 1786இல் பிறந்த பாலுஸ்வாமி, மணலி சின்னையா முதலியாரின் ஆதரவில் வாழ்ந்த காலத்தில் ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டுகள் பிடில் பயின்று, பின்னர் எட்டயபுர அரண்மனை வித்துவானாக அமர்ந்தார். பிடிலைக் கையாண்ட மற்றொருவர், தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரருள் இளையவரான வடிவேலு; அவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தப் பிடில் பரிசளித்தது 1834இல்.

இவ்வாறு வந்த கருவியின் உருவம் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியின் கிரெமோனா நகரில் ஆந்திரேயா அமாத்தியின் பட்டறையில் திருத்தம் பெற்று, 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியின் கையில் முழுமை கண்டதாகும். பலாமரத்தைக் குடைந்து மெட்டுகள் பதிக்கும் தஞ்சாவூர் வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிறப்பிக்கும் கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, மெட்டில்லாத பிடிலில் விரலை வழுக்கியே பிறப்பிக்க இயலும் என்பதால் இக்கருவி நம் இசைக்கு இயல்பாகப் பொருந்தியது. ஆகவே நம்மவர் மரத்தில் கை வைக்கவில்லை. தந்திகளைச் சட்ஜம், பஞ்சமம், சட்ஜம், பஞ்சமம் எனச் சுருதி சேர்த்து, சம்மணமிட்டமர்ந்து, கருவியின் சுருள்முனையை வலப் பாதத்தின் மேல் ஊன்றி, இடக்கை தடையின்றி ஓடும்படி செய்துகொண்டனர். மரத்தை மாற்றியவர்கள் ஐரோப்பியரே: 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்திராதிவாரியின் பிடில்களிலும் கழுத்தை நீட்டிச் சாய்த்து, மேற்பலகைக்கு அடியில் ஒட்டப்பட்ட உட்கட்டையைப் பருமனாக்கினர்.

பிடிலின் தச்சு நுட்பம் தனியே கருதத்தக்கது. ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேற்பலகை வளைக்கப்படுவதன்று; கனத்த கட்டையிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தடிமன் எஞ்சும்வரை செதுக்கி எடுக்கப்படுவது. மேப்பிள் மரத்தாலான பக்கப்பலகைகள் மட்டுமே சூடேற்றி வளைக்கப்படுகின்றன. இவற்றை இணைப்பது, நம் ஆசாரிமார் வஜ்ஜிரம் என்றழைக்கும் விலங்குத் தோல் பசையாகும். கோடையில் மரம் சுருங்கும்போது, பலகை பிளப்பதற்கு முன் இப்பசை விட்டுக்கொடுத்துவிடுவதாலும், ஈரமும் சூடும் பட்டால் இளகுவதாலும், கருவியைச் சேதமின்றித் திறந்து செப்பனிட்டு மீண்டும் ஒட்டலாம். வெயிலில் மண்ணே வாய்பிளக்கும் கரிசல் காட்டில் ஒரு பிடில் தலைமுறை தாண்டி நிற்க இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது.

பழைய பிடிலின் இடப்புற ஒலித்துளை வழியே உள்ளே நோக்கினால் ஸ்திராதிவாரியின் பெயர்ச்சீட்டு தென்படக்கூடும். ஆயினும் அது சான்றாகாது. ஏனெனில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய, பிரெஞ்சுப் பட்டறைகள் அதே சீட்டை ஆயிரக்கணக்கான மலிவுப் பிடில்களில் ஒட்டின. சீட்டினும் நம்பத்தக்கது விளிம்புக் கோடு: விளிம்பில் தொடங்கும் விரிசல் உள்ளே பரவாதிருக்க, கிரெமோனா ஆசாரி பலகையில் காடி வெட்டி மூன்று மெல்லிய மரக்கீற்றுகளைப் பதித்திருப்பார்; மலிவுக் கருவிகள் பலவற்றில் அந்த இடத்தில் மையால் இழுத்த கோடுதான் இருக்கும்.