கற்பிட்டியும் காலநிலைப் பொறுப்பும் — ஒரு வரலாற்று நோக்கு

புவியின் வெப்பநிலை உயர்ந்து வருவதற்கு மனிதச் செயல்களே காரணம் என்பது அறிவியலாளரிடையே இன்று முடிந்த முடிபு. காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிற்று. ஆயினும் மக்கள் மன்றத்தில் இவ்விடயம் பற்றிய கருத்து வேறுபாடுகள் ஓயவில்லை. அவற்றை அறியாமையின் விளைவு எனத் தள்ளிவிடுவோர் உளர். அங்ஙனம் தள்ளுதல் எளிது. ஆயின், அக்கருத்துகள் எவ்விடத்தில், எவ்வரலாற்றுச் சூழலில் தோன்றின என ஆராய்ந்தால் அவற்றுட் சில மிகுந்த நியாயம் உடையன என்பது புலனாகும். நாட்டின் முதலாவது பாரிய நிலக்கரி மின்நிலையத்தைத் தன் மடியிற் கொண்டிருக்கும் கற்பிட்டித் தீபகற்பம் இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான களமாகும்.

மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணற்பரப்பே கற்பிட்டி. இயற்கை இங்கு ஒருபோதும் நிலைத்து நின்றதில்லை என்ற எண்ணம் இக்கரை மக்களிடையே ஆழமானது. அதற்கு வரலாறும் துணை நிற்கின்றது. 1344 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியைப் ‘பத்தாலா’ என்னும் நகரிற் சந்தித்ததாக எழுதியுள்ளார். அது புத்தளமே என ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் அக்கரையிற் குவிந்து கிடந்தன எனவும், எதிர்க்கரை நாட்டினர் அவற்றை விலையின்றி ஏற்றிச்சென்று, கைம்மாறாக அரசனுக்குத் துணி முதலியவற்றை அளித்தனர் எனவும் அவர் கூறுவர். அக்காட்சியை இன்று எவரும் காண இயலாது. பின்னர் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரையான காலத்திற் களப்பின் வாயிலைக் காவல் செய்யுமாறு கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிக் கண்டி அரசின் வாணிகத்தை நெருக்கினர். அந்த வாணிக வழியும் காலப்போக்கில் தன் சிறப்பை இழந்தது. 1807 இல் கற்பிட்டியிற் பிறந்து, 1834 இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் அகர வரிசைப்படுத்தி ஆங்கிலத்தில் நூல் செய்த சைமன் காசிச்செட்டி வாழ்ந்த கற்பிட்டியும் இன்றைய கற்பிட்டியும் ஒன்றல்ல. மணல் பெயர்வதையும் கரை தேய்வதையும் வளர்வதையும் தலைமுறை தலைமுறையாகக் கண்ட மக்கள், “கடல் எப்போதும் இப்படித்தான்” என்று சொல்வதில் வியப்பில்லை.

இக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. கரை மாறுவது பழைய செய்தி. அம்மாற்றத்தின் வேகமும் காரணமுமே புதியன. கரியமிலவாயு எனத் தமிழகத்தார் வழங்கும் காபனீரொட்சைட்டு வளியில் மிகுந்தால் புவி வெப்பமடையும் என்பதைச் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு 1896 இலேயே கணக்கிட்டுக் காட்டினார். குளிர்நாட்டில் வாழ்ந்த அவர் அதனை ஓரளவு விரும்பத்தக்க விளைவாகவே கருதினார் என்பது சுவையான செய்தி. வெப்பம் வரமாவதும் சாபமாவதும் அதனைக் கணக்கிடுவோன் வாழும் ஊரைப் பொறுத்தது போலும்! 1958 இல் அவாய்த் தீவில் முறையான அளவீடு தொடங்கியபோது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் அது 280 அளவிலேயே இருந்தது.

இனி, நிலக்கரி கற்பிட்டிக்கு வந்த வரலாற்றை நோக்குவோம். இலங்கையின் மின்சாரம் நெடுங்காலம் மலைநாட்டு நீரையே நம்பியிருந்தது. 1996 இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நாடு முழுவதும் மணிக்கணக்கில் இருளில் மூழ்கியது. 2001, 2002 ஆம் ஆண்டுகளிலும் மின்வெட்டுத் தொடர்ந்தது. வானத்தை நம்பி நாட்டை நடத்த முடியாது என்ற வாதம் அக்காலத்திலேயே வலுப்பெற்றது. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டத்தை ஆதரித்தோர் கையிற் கொண்ட முதன்மையான படைக்கலம் இவ்வறட்சியே. மழை பொய்த்ததற்கு மருந்தாக நிலக்கரி வந்தது; அந்நிலக்கரியின் புகையோ மழையின் ஒழுங்கை மேலும் குலைப்பது. இம்முரண் அன்று எவர் கண்ணையும் பெரிதாக உறுத்தவில்லை.

எதிர்த்தோர் பலர். அண்மையிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் புனிதமும் அமைதியும் கெடும் எனக் கத்தோலிக்கத் திருச்சபையினர் உறுதியாக எதிர்த்தனர். ஆகஸ்ட் மாதப் பெருவிழாவிற்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் சமய பேதமின்றி மக்கள் கூடும் தலம் அது. சூடான நீர் கடலிற் கலந்தால் மீன் விலகும் எனக் கடற்றொழிலாளர் அஞ்சினர். சாம்பல் பயிரிற் படியும் என வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் தோட்டக்காரர் அஞ்சினர். அமில மழை அநுராதபுரத்துப் போதிமரத்தைத் தாக்கும் என்ற அச்சமும் வெளியிடப்பட்டது. கோயில், வலை, தோட்டம், போதிமரம் ஆகிய இந்நான்கும் அன்றைய விவாதத்தில் முன்னின்றன. புவியின் காலநிலை அவற்றின் வரிசையில் முதன்மை பெறவில்லை. காரணம் வெளிப்படை. சாம்பல் அயல் தோட்டத்தில் விழுகின்றது. விழுந்த இடத்தை விரலாற் சுட்டலாம். காபனீரொட்சைட்டோ உலகெங்கும் பரவுவது. அதனால் நுரைச்சோலைக்கு நேரும் தீங்கும் நோர்வேக்கு நேரும் தீங்கும் ஒரே புகையிலிருந்து பிறப்பன. மக்கள் தாம் சுட்டிக்காட்டக்கூடிய தீமைக்கு எதிராகவே முதலிற் குரல் எழுப்புவர்.

எதிர்ப்பினால் பல ஆண்டுகள் தடைப்பட்ட திட்டம் 2006 இல் சீன நாட்டுக் கடனுதவியுடன் கட்டுமான நிலையை அடைந்தது. 2011 மார்ச்சில் முதலாவது அலகும், 2014 இல் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று வலுவுடையது. இதற்கு ஓராண்டு முன்னரே, 2010 இல், அதே தீபகற்பத்து மாம்புரியிற் காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன என்பதும் மனங்கொள்ளத்தக்கது. ஒரே காற்று ஒருபுறம் விசிறிகளைச் சுழற்ற, மறுபுறம் நிலக்கரித் தூசைக் குடியிருப்புகளின் மேற் கொண்டுசென்றது.

2015 ஆம் ஆண்டு கருத்துலகில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு பாப்பரசர் பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலில் காலநிலை மாற்றத்தை அறக்கேள்வியாக உலகின் முன் வைத்தார். ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரிற் கூடிய இஸ்லாமிய அறிஞர், மனிதன் பூமியின் உரிமையாளனல்லன், அதன் பொறுப்பாளன் என்ற சமயக் கருத்தின் அடிப்படையிற் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர். ஆண்டிறுதியிற் பாரிஸ் உடன்படிக்கை பிறந்தது. கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் பெருந்தொகையினராக வாழும் கற்பிட்டியைப் பொறுத்தவரை, பொறுப்பு என்னும் சொல் அறிவியலின் வாயிலாக மட்டுமன்றிச் சமயத்தின் வாயிலாகவும் வந்தது எனலாம். 2016 இல் சம்பூர் நிலக்கரித் திட்டத்தை அரசு கைவிட்டது. புதிய நிலக்கரி மின்நிலையம் இல்லை என்ற சர்வதேச உறுதிமொழியில் 2021 இல் இலங்கை முன்னணி நாடுகளுள் ஒன்றாக இணைந்தது. நுரைச்சோலை மட்டும் எரிந்துகொண்டேயிருந்தது.

இவ்விடத்தில் எதிர்க்கருத்து ஒன்று தலைதூக்குகின்றது. இலங்கையர் ஒருவர் ஆண்டொன்றில் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரியோ நான்கு தொன்னுக்கும் மேல். அங்ஙனமாயின் ‘மனிதனே பொறுப்பு’ என்ற வாக்கியத்தில் மனிதன் என்பவன் யார்? களப்பில் வள்ளம் தாங்கும் மீனவனும் மேலைநாட்டுப் பெருநகரவாசியும் ஒரே அளவிற் பொறுப்பாளிகளா? இவ்வினா புவி வெப்பமடைதலை மறுக்கும் வினாவன்று. பொறுப்பைப் பங்கிடுமாறு கேட்கும் வினா. புத்தளம் மாவட்டத்தார் இதனை இன்னும் கூர்மையாகக் கேட்க உரிமை உடையர். சீமெந்து ஆலை, நிலக்கரி நிலையம், கொழும்பின் குப்பையை அறுவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் என நாட்டின் வசதிக்கான சுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் வாசலில் இறங்கியுள்ளன. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் அக்குப்பைத் திட்டத்துக்கு எதிராகப் புத்தளத்தில் எழுந்த நீண்ட போராட்டத்தின் அடியிலும் இவ்வுணர்வே இருந்தது.

எனினும் பொறுப்பு முழுவதும் பிறருடையதே எனக் கொள்வதற்கும் கற்பிட்டியின் வரலாறு இடந்தராது. மணலின் கீழ் மெல்லிய படையாகத் தேங்கிய நன்னீரே இத்தீபகற்பத்தின் உயிர். அதனை இறைத்து, மிகுதியாக உரமிட்டுச் செய்த தோட்டச் செய்கையினால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறுவதை 1980 களிலேயே ஆய்வாளர் கண்டறிந்தனர். பல கிணறுகளில் அது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைத் தாண்டியிருந்தது. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெருந்தொகையினர் இப்பகுதியில் அடைக்கலம் புகுந்தபோது அவர்களும் அந்நீரையே நம்பவேண்டியிருந்தது. அதே நைத்திரசன் உரத்திலிருந்து எழும் நைத்திரசு ஒட்சைட்டு, காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டவல்லது. ஆக, தோட்டக்காரர் கைகளும் முற்றிலும் தூயனவல்ல.

ஆனால் 2021 இல் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு மே மாதத்தில் அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடைசெய்தது. நவம்பர் தொடக்கத்தில் கிளாஸ்கோ மாநாட்டு மேடைகளில் அது சூழற்சாதனையாகவும் எடுத்துரைக்கப்பட்டது. அம்மாதத்திலேயே தடை தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் நெல்லும் தேயிலையும் மரக்கறியும் விளைவித்தோர் பட்ட இழப்பு சிறிதன்று. உரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் முறை உண்டு. அதற்குப் பயிற்சியும் மாற்றுப் பசளையும் காலமும் வேண்டும். அவை எவையுமின்றி உலகின் கடன் தோட்டக்காரன் தலையில் ஏற்றப்பட்டது. இத்தகைய அனுபவத்தின் பின்னர் காலநிலை என்ற சொல்லையே ஐயத்தோடு கேட்கும் ஒருவனை அறிவியலை மறுப்பவன் எனப் பழித்தல் தகாது.

2025 பெப்ரவரி 9 இல் நாடு தழுவிய மின்தடை ஏற்பட்டபோது நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் செயலிழந்தன. தொடர்ந்து சில நாட்கள் மின்வெட்டு அமுலாயிற்று. அதே ஆண்டில், பருவந்தவறிய மழை புத்தளத்து உப்பளங்களைக் கெடுத்தமையால் உப்பு இறக்குமதி செய்யவேண்டிய நிலை வந்தது. சுற்றிலும் கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்குக் கப்பல் எதிர்பார்த்த அந்நாட்களில், பாலாவியின் உப்பு வயல்களில் மழைநீர் தேங்கி நின்றது. களப்பின் அக்கரையிற் புகைபோக்கி வழமைபோற் புகைந்துகொண்டிருந்தது.